மூக்கு நல்லம்பள்ளியில், நாக்கு பெங்களூரில்

பெங்களூர்
27 ஜனவரி 2025

தேவி,

உன்னோடு இனிப் பேச்சே இல்லை என்று ஆவணியில் சொன்னேன். அது அப்படியேதான் இருக்கிறது. இது பேச்சு இல்லை, எழுத்து. உன் போனைச் சித்தப்பா பிடுங்கி வைத்திருப்பது தெரியும். பிடுங்காமல் இருந்தாலும் இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்டோபரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகை, சாக்கடை, அடிபிடித்த பால், எல்லாம் எனக்கு இப்போது ஒன்றுதான். நாக்கு மட்டும் கசப்பு, புளிப்பு, துவர்ப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. டீக்கு அது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் மூக்கு.

நான் பார்ப்பது டீ இலை விற்கிற கடையில் ருசி பார்க்கிற வேலை. கடையில் தெரிந்தால் அந்த மேசையில் எனக்கு இடம் இருக்காது. அம்மாவுக்குத் தெரிந்தால் "அந்தப் பொழப்பே வேணாம், வூட்டுக்கு வந்துரு" என்று அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். ஆகவே இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றுதான் வருத்தம்.

உறையில் இருக்கும் கருப்புத் துண்டு சீனாவின் யுன்னான் மலையிலிருந்து வந்த டீ. பூ-ஏர் என்று பெயர். இலையை வட்டத் தட்டாக அழுத்தி வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். இது பச்சை வகை. அதாவது தண்ணீர் தெளித்து அவசரமாகப் பழுக்கவைக்காமல், தானாகவே பழசாக விட்டது. இருபது வருடப் பழசு என்று கொல்கத்தா வியாபாரி சொல்கிறார். எங்கள் கடை பானுமதி மேடம் அவரிடம் இருக்கிற சரக்கு மொத்தத்தையும் வாங்கப் போகிறார். வாங்கலாமா, கூடாதா என்று பிப்ரவரி முடிவதற்குள் நான் கையெழுத்துப் போட்டு எழுதித் தரவேண்டும்.

பக்கத்துத் தெருவில் கருவாடு வறுத்தால் என்ன கருவாடு என்று சொல்கிறவள் நீ. துண்டிலிருந்து கொஞ்சம் பெயர்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, முதல் தண்ணீரைக் கொட்டிவிடு. மறுபடி ஊற்றி, மூடி, உடனே வடி. மூடியின் உட்பக்கத்தை முகர். குடித்த பிறகு காலி டம்ளர் ஆறியதும் அதையும் முகர். என்ன வருகிறதோ அதை எழுது. நல்ல வார்த்தை தேடாதே.

விளையாடாதே.

சுசித்ரா

நல்லம்பள்ளி
2 பிப்ரவரி

பேசாத அக்காவுக்கு எழுதும் தங்கை எழுதிக்கொள்வது,

உன் மூக்கு போன செய்தி படித்து எனக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஓட்டை வாய் என்று ஊரே சொல்லும். இந்த விஷயத்துக்கு மட்டும் ஓட்டையை அடைத்துவிட்டேன்.

போன் போன கதை உனக்குச் சரியாகத் தெரியுமா? அப்பா போனில் பெரியப்பா பெயரையும் கரெண்ட் ஆபீஸ் லைன்மேன் பெயரையும் மாற்றி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அப்பா லைன்மேனைக் கூப்பிட்டு, "நீ மூத்தவனா லட்சணமா நடந்துக்கிட்டியா? வரப்புல எத்தன வருசமா இந்த அழிச்சாட்டியம்?" என்று கால்மணி நேரம் சண்டை போட்டார். லைன்மேன் பயந்துபோய் அன்றைக்கே வந்து, வரப்பில் சாய்ந்திருந்த கம்பத்தை நிமிர்த்திவிட்டுப் போனார். ஊருக்கு நல்லது நடந்தது, எனக்குப் போன் போனது.

சரி, டீ. பூ-ஏர் என்றாய். பூவையும் காணோம், ஏரையும் காணோம். பச்சை என்கிறாய், பழசு என்கிறாய். பச்சைப் பழசு என்றாலே எனக்குப் பச்சைப் பொய் மாதிரிதான் கேட்கிறது. துண்டு வந்ததும் பிரித்து அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேதான் இருந்தது, ஏனென்றால் அடுப்பு காலியாகவில்லை. இது புளி அடிக்கிற மாதம் என்பதை மறந்திருக்க மாட்டாய். கூடத்தில் புளி, கட்டிலடியில் புளி, என் பிசிக்ஸ் புத்தகத்தின் மேல் ஒரு கூடை புளி. அம்மாவும் நஞ்சம்மாள் அத்தையும் ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்து, நிமிரவே மாட்டேன் என்கிறார்கள்.

நான் தண்ணீர் வைத்ததும் அம்மா, "என்னடி அது, வரட்டித் துண்டாட்டம்?" என்றாள்.

"ஞாபக சக்தி மருந்துமா. பிளஸ் ஒன் பரீட்சைக்கு. சுசிக்கா அனுப்புச்சு."

"அவ உங்கூடப் பேசறதே இல்லியே."

"அதான் மருந்து மட்டும் அனுப்புது."

அம்மா நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்காமல் அப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டாள். அப்பா குடித்துவிட்டு, "மருந்துன்னா இப்பிடித்தான் இருக்கோணும், ஒண்ணுக்கும் ஆவாத ருசி" என்று சான்றிதழ் கொடுத்தார். அதையும் குறித்துக்கொள்.

என் கணக்கு இது. நிறம், புகை ஏறிய ஹரிக்கேன் விளக்குக் கண்ணாடி மாதிரி செம்பழுப்பு. வாய்க்குக் கசப்பு, கொஞ்சம் துவர்ப்பு. வாசனை ஒன்றும் இல்லை. நாலு தடவை ஊற்றினேன், மூடியை மூக்கோடு ஒட்டியே வைத்தேன். நம்ம வூட்டு வாசனைதான் வருகிறது. வேறு எதுவும் இல்லை.

இதில் விளையாட்டு எதுவும் இல்லை அக்கா.

தேவிப்பிரியா

பெங்களூர்
7 பிப்ரவரி

தேவி,

உன் கடிதத்தை மூன்று பேர் இருக்கிற அறையில் படித்துவிட்டு, கிழித்துப் போடலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

இருபது வருடப் பழசாக இருந்தாலும் சரி, போலியாக இருந்தாலும் சரி, பூ-ஏருக்கு வாசனை இல்லாமல் இருக்காது. "நம்ம வூட்டு வாசனை" என்றால் என்ன? யுன்னான் மலையில் நம் வூடு எங்கே வந்தது? என்னோடு மேசையில் உட்காரும் வீரமணி அதே டீயைக் குடித்துவிட்டு, "கற்பூரம், பழைய மரம், சூப்பர்" என்றான். நானும் தலையாட்டினேன். நாலு மாதமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். அவன் புருவம் உயர்ந்தால் என் புருவமும் உயரும். அவன் சொல்கிற வார்த்தையைக் கொஞ்சம் மாற்றி நான் சொல்வேன். அவன் "மரம்" என்றால் நான் "காய்ந்த மரம்" என்பேன். மேடம் எழுதிக்கொள்வார். போன வாரம், "சுசித்ராவோட மூக்கு ரொம்ப நுணுக்கம்" என்று வேறு சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வீரமணி கற்பூரம் என்கிறான், நீ ஒன்றும் இல்லை என்கிறாய். இரண்டில் ஒன்று பொய். யார் இதற்கு முன்னால் என்னை ஏமாற்றினார்கள் என்று பார்த்தால் அது வீரமணி இல்லை. ஆவணியில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு டீ டம்ளரில் நிலவேம்புக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தது வீரமணி இல்லை.

"வாங்கலாம்" என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் பாக்கி. அதைப் போட்ட பிறகு சரக்கு கெட்டதென்று தெரிந்தால் மேடத்தின் கடை என் பெயரால் மூழ்கும்.

இத்தோடு இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். 'அ' அதே டீ, தட்டின் ஓரமும் நடுவும் சேர்த்து உடைத்தது. கடையில் மேடம் வைத்திருக்கும் மாதிரியை விட்டால், என்னிடம் இருந்ததில் கடைசித் துண்டு. 'ஆ' எங்கள் கடை ஜாடியில் இருக்கும் உண்மையான பழைய பூ-ஏர். அதில் சந்தேகம் இல்லை, மேடமே போய் வாங்கி வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பிளாஸ்டிக்கில் ஒட்டி அனுப்புகிறேன். வேடிக்கை காட்டுவதாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடு.

சுசித்ரா

நல்லம்பள்ளி
13 பிப்ரவரி

அக்கா,

திட்டு வந்து சேர்ந்தது, பொட்டலமும் வந்து சேர்ந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூறு பொய்க்கு நடுவில் ஒரு நிஜம் சொன்னால் அதற்கும் பொய் விலைதான் கிடைக்கும் போலிருக்கிறது. முன்பெல்லாம் நான் பொய் சொன்னால் நம்பினாய். இப்போது நிஜம் சொன்னால் அடிக்க வருகிறாய். நான் எந்தப் பக்கம் போவது?

தபால்காரரை வழியிலேயே மடக்கி வாங்கினேன். வூட்டுக்கு எடுத்துப் போகாமல், என் கிளாஸ் காவேரியோடு வத்தல்மலை பஸ் ஏறிவிட்டேன். அவள் மாமா வூடு மேலே இருக்கிறது. "ஸ்பெஷல் கிளாஸ்" என்று அம்மாவிடம் சொன்னேன். கிளாஸில் ஊற்றிக் குடிக்கப் போவதால் அது முழுப் பொய்யும் இல்லை.

வளைவு ஏறி ஏறி மேலே போய் இறங்கினால் நல்ல குளிர். காற்றில் எதுவுமே இல்லை. காப்பிச் செடி, மண், அவ்வளவுதான். முதல் துண்டில் மிச்சம் இருந்ததைப் பையிலிருந்து எடுத்து முகர்ந்தேன். அக்கா, புளி. பச்சையாக, முகத்தில் அறைகிற மாதிரி புளி. என் துப்பட்டாவை முகர்ந்தேன், புளி. பின்னலை முன்னால் இழுத்து முகர்ந்தேன், அதிலும் புளி.

"காவேரி, எம்மேல என்னமோ அடிக்குதுடி."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? தை மாசம் ஆனா நீ வர்றதுக்கு முன்ன உன் வாசனை கிளாஸுக்குள்ள வந்துரும். புளிய மரமே பெஞ்சுல வந்து உக்காருற மாதிரி இருக்கும்."

"இத்தன வருசமா சொல்லவே இல்லியேடி."

"இதெல்லாம் சொல்லுவாங்களா? நீதான் ஊர்ல எல்லாரையும் ஓட்டறவளாச்சே, உன்னை ஓட்ட ஒண்ணாவது இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்."

ஊரையே மோப்பம் பிடிக்கிற என் மூக்குக்கு வூடு மட்டும் தெரியவில்லை பார். டீத்துண்டு இரண்டு நாள் அலமாரியில் உட்கார்ந்து புளியைக் குடித்திருக்கிறது. நான் அதைக் குடித்துவிட்டு, நம்ம வூட்டு வாசனை என்று எழுதியிருக்கிறேன். எழுதியது நிஜம்தான். டீதான் டீயாக இல்லை.

அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்தேன். குழாயடியில் தலைக்குக் குளித்து, காவேரி மாமா மகள் சுடிதாரை மாட்டிக்கொண்டு (அது எனக்குக் கொள்ளவில்லை, மூச்சை இழுத்து முகரும்போதெல்லாம் தையல் முனகியது), உன் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன்.

முதலில் 'ஆ'. ஊற்றினதும் மூடியில் பெட்டியில் மடித்து வைத்த பட்டுப் புடவை, அதற்குள் எங்கேயோ ஒரு துளி கற்பூரம். வாயில் கசந்தது, பிறகு விழுங்கி நாலு மூச்சு விட்டதும் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி தொண்டையிலிருந்து இனிப்பு மேலே ஏறி வந்தது. காலி டம்ளர் ஆறிய பிறகும் லேசாக வெல்லம். காவேரி டம்ளரைத் தரவே மாட்டேன் என்றாள்.

பிறகு 'அ'. துண்டாக முகரும்போது பழைய மரம் மாதிரி ஒன்று வந்தது, வீரமணியைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் பட்டதும் மரம் ஓடிப்போய்விட்டது. மழையில் நனைந்த சாக்கை வெயிலில் காயப்போடாமல் மடித்துத் தூக்கிப் போட்டு, ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் வருமே, அதுதான் மூடியில். கசப்பு நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. இனிப்பு வரும் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. ஆறின டம்ளரில் ஒன்றுமே இல்லை.

வடித்த இலையைத் தட்டில் பரப்பினேன். 'ஆ'வின் இலை விரலுக்கு மெத்தென்று முழுசாக விரிந்தது, ஒரே செம்பழுப்பு. 'அ'வில் ஓரத்து இலை கரி மாதிரி, எவ்வளவு ஊற வைத்தாலும் சுருட்டை விடவில்லை. நடுவில் இருந்தது பச்சை. இருபது வருடம் ஆனால் நடுவும் சேர்ந்துதானே கிழடாகும்? இது வயசான டீ இல்லை அக்கா, ஆண்டு விழாவில் தலைக்கு மாவு பூசிக்கொண்டு தாத்தா வேஷம் கட்டின பையன். வேஷம் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். ஓரத்தில்தான் அதிகமாகப் பூசுவார்கள்.

வாங்காதே.

தேவிப்பிரியா

பெங்களூர்
19 பிப்ரவரி

தேவி,

நான் புளி வூட்டிலேயே பிறந்தவள். எனக்கும் தோன்றவில்லை. நல்லம்பள்ளியிலிருந்து நான் கிளம்பி வந்தபோது இங்கே விடுதியில் ஒருத்தி, "நீங்க சாம்பார் வெச்சீங்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று இப்போதுதான் புரிகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடை மாதிரியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்து, வடித்த இலையைப் பிரித்துப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான் ஓரம் விரியவில்லை. என் நாக்கும் அதையேதான் சொல்கிறது, கசப்பு நகரவே இல்லை. ஆனால் இலை சில சமயம் இடத்துக்கு இடம் மாறும். கசப்பும் அப்படித்தான். வாசனை ஒன்றுதான் முடிவாகச் சொல்லும். அது என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. நீ யார் என்று எனக்குத் தெரியும்.

மேடம் வாடிக்கையாளர்களிடமெல்லாம் இந்த டீயைப் பற்றிப் பேசிவிட்டார். முகம் பூரிக்கச் சொல்கிறார். வேண்டாம் என்றால், "உனக்கு என்ன வாசனை வந்தது?" என்றுதான் முதலில் கேட்பார். நான் என்ன சொல்வேன்? ஒரு தாளில் "வாங்கலாம்", இன்னொரு தாளில் "வேண்டாம்". இரண்டையும் மேசை டிராயரில் வைத்துப் பூட்டுகிறேன், திறக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெண் பார்க்க வந்தவர் உன் கஷாயத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவர் அம்மா முகத்தைச் சுளித்து டம்ளரைக் கீழே வைத்தபோது, இவர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்துவிட்டு மீதியையும் குடித்தார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிறகு, "இந்த வூட்டுப் பொண்ணுங்களுக்கு மரியாதை தெரியாது" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்காது.

இது விளையாட்டு என்றால் இப்போதே சொல்லிவிடு. கோபிக்க மாட்டேன். சத்தியம் செய்து எழுது.

சுசித்ரா

நல்லம்பள்ளி
22 பிப்ரவரி

அக்கா,

எனக்குத் தெரியாது. உனக்குப் பிடிக்காத மாப்பிள்ளை என்று நினைத்துத்தான் செய்தேன். காலையிலிருந்து நீ உம்மென்று இருந்தாய், அது பயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சத்தியம் செய்ய மாட்டேன். கஷாயத்தன்றும் அது நல்ல டீ என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள் நான். என் சத்தியத்துக்குக் காது கிழிந்த செருப்பின் மதிப்புதான்.

என்னை நம்ப வேண்டாம். வீரமணியின் மூக்கையே நம்பு, ஆனால் அவர் கண்ணைக் கட்டிவிடு. அவர் காகித உறையைப் பார்க்கிறார், இருபது வருடம் என்று காதால் கேட்கிறார், பிறகுதான் முகர்கிறார். கற்பூரம் வராமல் என்ன செய்யும்? 'அ', 'ஆ' இரண்டையும் எது எதென்று சொல்லாமல் வை. இரண்டையும் ஒரு தடவை கழுவிவிட்டு வை, காய்ந்த துண்டின் மர வாசனை அதிலேயே போய்விடும். மேடத்துக்கும் அப்படியே வை.

மேடம் உன்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று நீதான் முடிவு பண்ண வேண்டும். என் கடிதத்தைக் காட்டுவதென்றால் காட்டு. லைன்மேன் கதை மட்டும் வேண்டாம்.

பரீட்சை வருகிறது. படிக்க உட்கார்ந்தால் புத்தகம் புளி வாசனை அடிக்கிறது. முன்பு தெரியாமல் நிம்மதியாக இருந்தேன்.

தேவி

பெங்களூர்
1 மார்ச்

தேவி,

நேற்று வைத்தேன். மேடம், வீரமணி, நான். இரண்டு மூடிபோட்ட கிண்ணம், பெயர் எழுதவில்லை.

வீரமணி முதல் மூடியைத் தூக்கியதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "இது என்ன, குடோன்ல இருந்து எடுத்தீங்களா?" இரண்டாவதைத் தூக்கி, "ம், இதுதான் கொல்கத்தா டீ. கற்பூரம் வருது பாருங்க" என்றான். இரண்டாவது எங்கள் ஜாடி டீ. நான் சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேண்டுமென்றே பொய் சொன்னவன் இல்லை அவன்.

மேடம் முதல் கிண்ணத்தை எடுத்து நெடுநேரம் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுசி, நீ இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கே. உனக்கு என்ன வந்துச்சு?"

அப்போதுகூட "சாக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான். சொல்லியிருந்தால் இன்றைக்கு என் மூக்கைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"ஒண்ணும் வரல மேடம். அக்டோபர்ல இருந்து எனக்கு எந்த வாசனையும் வரல. முகர்ந்தது என் தங்கச்சி."

உன் கடிதத்தைக் கொடுத்தேன். மேடம் கிருஷ்ணகிரிப் பக்கம் என்பதால் தமிழ் படிப்பார். மாவு பூசின தாத்தா வரும் இடத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன், வரவில்லை. மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. இந்த நாலு மாசம் உன் வார்த்தைய நம்பி எத்தன டீ வாங்கியிருக்கேன் சுசி? அதையெல்லாம் இப்ப நான் யார வெச்சு மறுபடி முகர்றது?"

கொல்கத்தா சரக்கு வேண்டாம் என்று போய்விட்டது. நாளையிலிருந்து நான் பொட்டலம் கட்டும் பிரிவில். மூக்கு திரும்பினால் பார்க்கலாம் என்றார், திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லை. நாலு மாத டீயையும் வீரமணி கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறான்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். வந்துரு என்றாள். வரமாட்டேன் என்றேன். டாக்டர் தினமும் நாலு வாசனையை முகர்ந்து பழகச் சொல்கிறார், சிலருக்கு அப்படித் திரும்புமாம். எதை முகர்ந்தாலும் வருகிற மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. நாலு மாதம் நடித்துவிட்டு, இப்போது எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

பரீட்சையை ஒழுங்காக எழுது.

அக்கா

நல்லம்பள்ளி
6 மார்ச்

அக்கா,

இத்தோடு நாலு பொட்டலம் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மேலே எழுதியிருக்கிறேன். உள்ளே என்ன என்று எழுதவில்லை. வத்தல்மலையில் வைத்துக் கட்டினேன், அதனால் ஊர் வாசனை எதிலும் ஏறியிருக்காது. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார். பிரித்துப் பார்க்காதே, துணியில் தைத்திருக்கிறேன். என் தையல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஒரு தடவை பிரித்தால் யாராலும் மறுபடி அப்படித் தைக்க முடியாது.

வாரம் ஒரு கார்டு போடு. எந்த எண்ணில் என்ன வந்தது என்று மட்டும் எழுது. வராவிட்டால் வரவில்லை என்று எழுது.

நாலில் ஒன்று காலி. வெறும் பஞ்சு. எது என்று சொல்ல மாட்டேன். அதில் கற்பூரம் வருது, காய்ந்த மரம் வருது என்று எழுதினாயோ, நேராகப் பெங்களூர் பஸ் ஏறி வந்து உன் விடுதி வாசலில் நின்று, சுசிக்கா பொய் சொல்லுது என்று கத்துவேன். புளி வாசனையோடுதான் வருவேன். உனக்குத்தான் தெரியாதே, மற்றவர்கள் ஓடுவார்கள்.

காலிக்கு நேராக நீ "ஒன்றும் இல்லை" என்றும், மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு நேராக உள்ளே இருக்கிற வாசனையையும் சரியாக எழுதுகிற வாரம், அந்தக் கார்டை நானே மேடத்துக்கு அனுப்புகிறேன்.

தேவிப்பிரியா